மர டிகாய் வாத்துகள்: செதுக்குவோரும் சேகரிப்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிகாய் வாத்து என்பது என்ன?

வானில் பறந்துசெல்லும் காட்டு வாத்துகள், கீழே தம் இனத்தவை அச்சமின்றி மேய்வதாக நம்பி இறங்கிவரும்படி, வேட்டைக்காரர்கள் நீரில் மிதக்கவிடும் போலி வாத்தே டிகாய். வட அமெரிக்காவின் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் இது பல தலைமுறைகளாக மீனவரின் வலையைப்போல அன்றாடக் கருவியாக இருந்தது. இன்று அதே பொருளை வேட்டைக்குப் போகாதவர்களும் செதுக்குகிறார்கள், தேடி வாங்குகிறார்கள், வீட்டில் அடுக்கி வைத்துப் பார்த்து மகிழ்கிறார்கள். இந்தப் பக்கம் அவர்களுக்காக எழுதப்பட்டது. இதில் வரும் கருத்துகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: டிகாய் நீரில் நின்று வேலை செய்வதற்காக உருவான பொருள் என்பதை மறவாதவரே அதை நன்றாகச் செதுக்கவும் சரியாக மதிப்பிடவும் முடியும்.

இந்தக் கலை எவ்வளவு பழமையானது?

1924-இல் நெவாடா மாநிலத்தின் லவ்லாக் குகையில் நடந்த அகழ்வில், கோரைத் தண்டுகளை வளைத்துக் கட்டிச் செய்த 11 டிகாய்கள் கிடைத்தன. சிலவற்றுக்கு வண்ணம் தீட்டி, உண்மையான இறகுகளையும் செருகியிருந்தார்கள். அவற்றின் வயது ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் எனக் கரிமக் கணிப்பு காட்டுகிறது. கேன்வாஸ்பேக் என்னும் வாத்தின் சரிந்த நெற்றியும் செந்நிறத் தலையும் அவற்றில் தெளிவாகத் தெரிவதைக் காணும்போது, செய்தவர்கள் அந்தப் பறவையை எவ்வளவு நெருங்கிக் கவனித்திருக்க வேண்டும் என்ற வியப்பு தோன்றும். அவை இப்போது ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த அமெரிக்கப் பழங்குடியினர் தேசிய அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் உள்ளன. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் இந்தப் பழங்குடி உத்தியைக் கண்டு கற்றுக்கொண்டு, தங்களுக்குப் பழக்கமான மரத்தில் அதைச் செய்யத் தொடங்கினார்கள்.

மர டிகாய்கள் இவ்வளவு பெருகியதற்கும் பின்னர் அருகியதற்கும் காரணம் என்ன?

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கிழக்குக் கரை நகரங்களின் உணவு விடுதிகளுக்குக் காட்டு வாத்து இறைச்சி பெருமளவில் தேவைப்பட்டது. தொடர்வண்டிப் பாதைகள் விரிந்ததாலும் துப்பாக்கிகள் மேம்பட்டதாலும் வாத்து வேட்டை பெருந்தொழிலாயிற்று. செசபீக் விரிகுடாவின் தலைப்பகுதியில், சஸ்குவஹானா ஆறு விரிகுடாவோடு கலக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பில், தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவர் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான டிகாய்களை மிதக்கவிடுவது வழக்கம். நடுவில், நீர்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்த பெட்டியில் அவர் மல்லாந்து படுத்திருப்பார். பெட்டியைச் சுற்றி விரிந்த பலகைகளை நீரோடு நீராகத் தாழ்த்தி வைக்க, அவற்றின்மீது வார்ப்பிரும்பு வாத்துகளை ஏற்றுவார்கள். அந்த இரும்பு வாத்துகளும் இன்று சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் பொருளாகிவிட்டன.

இந்தக் கட்டற்ற வேட்டையால் பறவைகளின் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. 1918-இல் இயற்றப்பட்ட வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் காட்டுப் பறவைகளைக் கொன்று விற்கும் வணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. காட்டு வாத்துகளை ஈர்ப்பதற்காகப் பழக்கிய உயிருள்ள வாத்துகளைக் கட்டி வைப்பதும், அமிழ்பெட்டியில் படுத்துச் சுடுவதும் 1935-இல் தடை செய்யப்பட்டன. பின்னர், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், மலிவான பிளாஸ்டிக் டிகாய்கள் கடைகளுக்கு வந்ததும் கையால் செதுக்கியவற்றுக்கு வேட்டையாடுவோரிடம் இருந்த தேவை ஏறக்குறைய முடிந்தது. பல குடும்பங்கள் கொட்டகையில் குவிந்து கிடந்த பழைய டிகாய்களைக் குளிர்காலத்தில் விறகாக எரித்தன. எஞ்சியவை இன்று இவ்வளவு மதிப்புப் பெற்றிருப்பதற்கு அந்த அழிவும் ஒரு காரணம்.

வேட்டையில் உடன்பாடில்லாதவர் இதை ரசிக்கலாமா?

தாராளமாக ரசிக்கலாம். இன்று இதைச் செதுக்குவோரில் பலர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. பறவையைக் கூர்ந்து பார்த்துப் பழகுவதே இந்தக் கலையின் உயிர்நாடி. ஆனால் இந்தப் பொருளின் வரலாற்றில் இருக்கும் பெரும் உயிர்ச்சேதத்தை மறைத்துவிட்டு, இதை வெறும் அலங்காரப் பொம்மையாகப் பேசுவது நேர்மையாகாது என்பது எம் கருத்து. பறவைகளைக் காக்கும் சட்டங்கள் எந்தச் சூழலில் பிறந்தன என்பதற்கு இந்த மரத்துண்டுகளே சாட்சி.

ஒவ்வோர் ஊரின் டிகாயும் ஏன் வேறுபட்டிருக்கிறது?

இந்தத் துறையில் மிகவும் சுவையான கேள்வி இதுதான். உள்ளூர் நீரின் தன்மை, அங்கே கிடைத்த மரம், வேட்டைக்காரர் பயன்படுத்திய படகு, அங்கு வந்து தங்கிய வாத்தினம் ஆகிய நான்கும் சேர்ந்தே ஒரு டிகாயின் வடிவத்தை முடிவு செய்தன. இதைப் புரிந்துகொண்டவர், கையெழுத்தே இல்லாத ஒரு டிகாயை எடுத்துப் பார்த்து, அது எந்தக் கரையில் பிறந்தது என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்.

கிழக்குக் கரையின் வடகோடியில் உள்ள மேய்ன் மாநிலத்தின் கடல் கொந்தளிப்பானது. ஆகவே அங்கத்திய டிகாய்கள் பெரியவை, கனமானவை, அகன்ற தட்டையான அடிப்பாகம் கொண்டவை. அலை மோதித் தலை கழன்றுவிடாமல் இருக்க, கழுத்தை உடலில் வெட்டிய பள்ளத்துக்குள் பதித்துப் பொருத்தினார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்போர்டு பகுதியில் குளிர்காலத்தில் நீரின்மீது பனிக்கூழ் மிதக்கும் என்பதால், அதன்மேல் ஏறிச் சவாரி செய்யும்படி மார்பை உயர்த்திச் செதுக்கினார்கள். நியூ ஜெர்சியின் பார்னகட் விரிகுடாவில் வேட்டைக்காரர் ஒற்றை ஆளாகச் சிறு படகில் சதுப்புகளுக்குள் போக வேண்டியிருந்தது. எனவே எடை குறைய வேண்டும் என்பதற்காக வெள்ளை செடார் மரத்தில் இரண்டு பாதிகளாகச் செய்து, உள்ளே குடைந்து, ஒட்டிச் சேர்த்தார்கள். இல்லினாய் ஆற்றிலும் உட்குடைந்த டிகாய்களே வழக்கம். அங்கே அலை குறைவு. பறவை நிதானமாக வட்டமிட்டுப் பார்த்த பிறகே இறங்கும். ஆகவே அங்கத்திய கைவினைஞர்கள் வண்ணத்தில் மிகுந்த நுணுக்கம் காட்டினார்கள்.

செசபீக் விரிகுடாவின் தலைப்பகுதியிலோ நிலைமை முற்றிலும் வேறு. ஒருவருக்கே நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டதால், திண்மையான மரத்தில், உருண்ட அடிப்பாகத்தோடும் சற்றே மேல்நோக்கிய வாலோடும், சிறகுகளைத் தனியாகச் செதுக்காமல் விரைவாக முடித்தார்கள். இவற்றை முரட்டு வேலை என்று ஒதுக்குவோர் உண்டு. எம் பார்வையில், தேவையற்ற ஒரு வெட்டுகூட இல்லாமல் முழு வாத்தையும் சொல்லிவிடும் அந்தச் சிக்கனம் எளிதில் கைவராத திறமை. லூசியானா சதுப்புகளில் சைப்ரஸ் மரத்தின் வேரும் டுபெலோ மரமும் பயன்பட்டன. வட கரோலினாவில் கம்பிச் சட்டத்தின்மேல் கித்தான் துணியை இழுத்துப் போர்த்திப் பெருவாத்துகளைச் செய்தார்கள்.

பெயர் பெற்ற கைவினைஞர்கள் யார்?

முதலில் சொல்ல வேண்டியவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் தீபகற்பத்தில், ஈஸ்ட் ஹார்விச் என்ற ஊரில் வாழ்ந்த எல்மர் குரோவெல் (1862–1952). உயிருள்ள வாத்துகளைப் பராமரித்து வேட்டைக்குத் தயார்செய்யும் பணியில் பல ஆண்டுகள் இருந்ததால், அவை உறங்குவதும் இறகு கோதுவதும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதும் அவருக்கு மனப்பாடம். ஈர வண்ணத்தின்மேல் ஈர வண்ணத்தை இழைத்து அவர் தீட்டிய இறகுகள் மென்மையில் இன்றும் ஒப்பற்றவை.

மேரிலாந்து மாநிலத்தின் கிறிஸ்ஃபீல்டு ஊரைச் சேர்ந்த ஸ்டீவ் வார்டு (1895–1976), லெம் வார்டு (1896–1984) ஆகிய சகோதரர்கள் தொழிலால் முடிதிருத்துநர்கள். வாடிக்கையாளர் இல்லாத வேளைகளில் கடையின் பின்புறத்தில் வாத்து செதுக்கினார்கள். பெரும்பாலும் ஸ்டீவ் செதுக்க, லெம் வண்ணம் தீட்டுவார். வேலைக் கருவியாக இருந்த டிகாய், சிற்பமாக மதிக்கப்படும் நிலைக்கு நகர்ந்ததில் இவ்விருவரின் பங்கு மிகப் பெரியது. அதே மாநிலத்தின் ஹாவர் டி கிரேஸ் ஊரில் ஈமச்சடங்கு நிலையம் நடத்திவந்த மேடிசன் மிட்செல் (1901–1993), தம் பட்டறையில் பல இளைஞர்களைப் பழக்கி, அவ்வூர்ப் பாணி அழிந்துவிடாமல் காத்தார். நியூ ஜெர்சியின் டக்கர்டன் ஊரில் ஹாரி ஷௌர்ட்ஸ், ஸ்ட்ராட்போர்டில் சார்ல்ஸ் வீலர், இல்லினாயின் ஹென்றி ஊரில் சார்ல்ஸ் பெர்டியூ ஆகியோரும் தத்தம் பகுதியின் அடையாளமாகப் போற்றப்படுகிறார்கள்.

இவர்களில் எவரும் கலைப்பள்ளியில் பயின்று இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் அல்லர். நீரில் நின்று பார்த்ததும் கையால் செய்து பழகியதுமே இவர்களுக்குக் கிடைத்த கல்வி.

தொழிற்சாலையில் செய்த டிகாய்களுக்கு மதிப்பு உண்டா?

உண்டு. டெட்ராய்ட் நகரில் 1896 முதல் 1924 வரை இயங்கிய மேசன் தொழிற்சாலையின் டிகாய்களுக்கென்றே தனிச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். உடலைக் கடைசல் இயந்திரம் உருவாக்கினாலும் வண்ணத்தைக் கையால்தான் தீட்டினார்கள். அவர்களின் தயாரிப்பில் பிரீமியர் என்ற தரம் உயர்ந்தது, சேலஞ்ச் அதற்கு அடுத்தது. கீழ்த்தரங்களைக் கண்ணாடிக் கண், ஆணித்தலைக் கண், வெறும் வண்ணத்தால் தீட்டிய கண் என்ற வேறுபாட்டைக்கொண்டு பிரித்தறியலாம். அளவான பணத்தில் சேகரிக்கத் தொடங்க விரும்புவோருக்கு, எளிய தரத்து மேசன் டிகாய் நல்ல தொடக்கமாக அமையும்.

செதுக்கத் தொடங்குபவர் எந்த மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

மென்மை, இலேசான எடை, நேரான நாரோட்டம் ஆகிய மூன்றும் வேண்டும். வெள்ளை செடார் நீரில் எளிதில் உளுத்துப்போகாது, கத்திக்கும் இணங்கும். வெள்ளைப் பைன் தலைக்கு ஏற்றது. பாஸ்வுட் மரத்தில் நுண்ணிய வெட்டுகள் துல்லியமாக விழும், ஆனால் ஈரத்தில் நெடுநாள் தாங்காது. இறகின் ஒவ்வொரு கோட்டையும் சூட்டுமுனையால் பொறிக்கும் அலங்கார வேலைக்குப் பலரும் டுபெலோவையே நாடுகிறார்கள். தக்கையில் உடலைச் செய்து மரத்தலை பொருத்துவதும் பழைய வழக்கமே. எந்த மரமானாலும் நன்கு உலர்ந்திருக்க வேண்டும்; பச்சை மரத்தில் செய்த டிகாய் ஓராண்டுக்குள் வெடித்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து முயல்வோருக்குக் குமிழ் மரத்தைப் பரிந்துரைக்கிறோம். அது இலேசானது, நிதானமாக உலர்த்தினால் அதிகம் முறுக்கிக்கொள்ளாது, பொம்மை வேலைக்கும் சிற்ப வேலைக்கும் ஏற்கெனவே பயன்படுவது. முன்மாதிரிக்கும் குறைவில்லை: குரோவெல் செதுக்கிய ஊசிவால் வாத்தின் அதே இனம் குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் வலசை வருகிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவற்றின் வேட்டையைத் தடுத்திருப்பதால், இங்கு செதுக்கும் டிகாய் காட்சிக்கும் கற்றலுக்கும் மட்டுமே உரியது.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

தொடக்கத்தில் அதிகம் வாங்க வேண்டாம். கூரான செதுக்குக் கத்தி ஒன்று, சிறு கைக்கோடரி, இருபுறமும் கைப்பிடி கொண்டு தன்பக்கம் இழுத்துச் சீவும் கத்தி, மர அரம், சில தரங்களில் உப்புத்தாள் ஆகியவை போதும். கட்டையை உருவரைப்படி அறுக்கப் பேண்ட்சா இயந்திரம் வசதியானது. அது இல்லாதவர் பக்கத்து மரப்பட்டறையில் கொடுத்து அறுத்து வாங்கிக்கொள்ளலாம். சுழல்முனை மின்கருவி வேலையை விரைவாக்கும் என்பது உண்மை. ஆனால் முதல் சில வாத்துகளைக் கத்தியாலும் அரத்தாலுமே முடிப்பது நல்லது, ஏனெனில் நாரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பதை எதிர்த்து நிற்கும் மரம்தான் கைக்குச் சொல்லிக்கொடுக்கும். மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு. குறிப்பாகச் செஞ்செடார் தூள் மூச்சுக்கோளாறை உண்டாக்கும். முகக்கவசம் இல்லாமல் அரமோ உப்புத்தாளோ போடக்கூடாது.

ஒரு டிகாயைச் செதுக்கும் முறை என்ன?

முதலில் பறவையைப் பார்க்க வேண்டும். ஒரே இனத்தின் நிழற்படங்களைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் முன்னாலிருந்தும் சேர்த்துக்கொண்டு, இயல்பான அளவில் இரண்டு உருவரைகளை அட்டையில் வரைய வேண்டும்: ஒன்று பக்கத்தோற்றம், மற்றது மேல்தோற்றம். மல்லார்டு என்னும் காட்டு வாத்தின் அளவுள்ள வாத்துக்கு உடற்கட்டை ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் இருக்கும். உள்ளே குடைவதாக இருந்தால் இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தற்காலிகமாகப் பொருத்திச் செதுக்கி, பிறகு பிரித்து, சுவர் அரை அங்குலத்துக்குக் குறையாதபடி குடைந்து, நீர்புகாப் பசையால் ஒட்ட வேண்டும்.

அறுத்த கட்டையின் முதுகிலும் வயிற்றிலும் நடுக்கோடு ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். வேலையின் கடைசிவரை அந்தக் கோடு அழியக்கூடாது. அழிந்தால் உடனே மீண்டும் வரைய வேண்டும். வாத்து ஒருபக்கம் கோணிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கோட்டைக் கைவிடுவதுதான். கோடரியால் மூலைகளைத் தட்டி எடுத்து, இழுப்புக் கத்தியால் வளைவுகளைக் கொண்டுவந்து, அரத்தால் ஒழுங்கு செய்ய வேண்டும். உடலின் மிக அகன்ற இடம் எது என்பதை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் அதை மார்பருகே வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான வாத்தினங்களில் அது நடுவிலோ நடுவுக்குச் சற்றுப் பின்னாலோ இருக்கும்.

தலையைத் தனிக்கட்டையில் செய்வது நன்று. அலகின் நீளவாக்கில் நாரோட்டம் செல்லும்படி கட்டையைத் திருப்பிக்கொள்ள வேண்டும், இல்லையெனில் முதல் அடியிலேயே அலகு முறிந்துவிடும். கன்னத்தின் புடைப்பும் கண் இருக்கும் பள்ளமும் அலகு முகத்தோடு சேரும் கோடும்தான் இனத்தை அடையாளம் காட்டும் இடங்கள். உயிருள்ள பறவையை நெருங்க முடியாதவர்கள், செதுக்குவோருக்கென்றே வார்த்து விற்கப்படும் அலகு மாதிரிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

தலையை உடலில் பொருத்தும் கோணத்தில் அவசரப்படாதீர்கள். கழுத்தை நீட்டி நிமிர்ந்திருக்கும் வாத்து ஆபத்தை உணர்ந்த வாத்து; அதைக் கண்டால் வானிலுள்ளவை விலகிப் பறந்துவிடும் என்பதால், பழைய கைவினைஞர்கள் தலையைத் தாழ்த்தி, கழுத்தை உடலோடு ஒடுக்கியே வைத்தார்கள். ஒரு விரற்கடை அளவு தலையைத் திருப்பினாலும் பறவையின் மனநிலை மாறித் தோன்றும். ஆணியடிப்பதற்கு முன், பசையில்லாமல் பல நிலைகளில் வைத்து, அறையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

அது நேராக மிதக்குமா?

வண்ணம் தீட்டுவதற்கு முன்பே அதைச் சோதித்துவிட வேண்டும். மரத்துக்கு ஒருகை எண்ணெயோ வார்னிஷோ பூசி ஈரம் புகாமல் அடைத்தபின், எடைத் துண்டை ரப்பர் வளையத்தால் வயிற்றில் கட்டி, தொட்டி நீரில் விடுங்கள். முன்னும் பின்னும் நகர்த்தி, வாத்து சமமாக நிற்கும் இடத்தைக் கண்டு குறித்துக்கொண்டு, அங்கே நிலையாகப் பொருத்துங்கள். தலைகீழாகப் போட்டாலும் தானாகவே நிமிர்வதுதான் நல்ல வேலை டிகாயின், அதாவது வேட்டைக்கென்று செய்த டிகாயின், அடையாளம். நீரில் மூழ்கி இரைதேடும் இனங்கள் தாழ்ந்து மிதக்கும், மேலாக மேயும் இனங்கள் வாலை உயர்த்தி மிதக்கும். எடையைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கருத வேண்டும். ஈயத்தை வீட்டில் உருக்கி ஊற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள். அதன் ஆவி நஞ்சு; ஈரமான மரத்தில் பட்டால் உருகிய ஈயம் தெறிக்கும். ஆயத்தமாகக் கிடைக்கும் எடைத் துண்டே போதும்.

வண்ணம் தீட்டுவதில் கவனிக்க வேண்டியவை யாவை?

பளபளப்பு கூடாது. வெயிலில் மின்னும் முதுகு வாத்துக்கு இயல்பாகாது, ஆகவே மங்கலான வண்ணங்களையே பயன்படுத்த வேண்டும். மரத்தின் வெட்டுமுகம் வண்ணத்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால், மார்பிலும் வாலடியிலும் பிரைமரை இருமுறை பூசுவது அவசியம். எண்ணெய் வண்ணம் மெதுவாக உலர்வதால் ஒரு நிறத்தை மற்றொன்றோடு இழைக்க நேரம் கிடைக்கிறது. அக்ரிலிக் விரைவில் உலர்வதால் மெல்லிய பூச்சுகளை அடுக்கடுக்காக ஏற்ற உதவுகிறது. ஆண் வாத்தின் விலாவில் காணும் நுண்ணிய அலைக்கோடுகளுக்கு, மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே சீப்பை இழுத்து அடிநிறம் தெரியும்படி செய்வது இல்லினாய் ஆற்றுக் கைவினைஞர்களின் உத்தி. பெட்டை வாத்து எளிது என்று நினைக்காதீர்கள். அதன் பழுப்பில் ஒளிந்திருக்கும் பல நிறங்களைப் பிடிப்பதில்தான் தீட்டுபவரின் உண்மையான தேர்ச்சி தெரியும்.

வேலை டிகாய்க்கும் அலங்கார டிகாய்க்கும் என்ன வேறுபாடு?

வேலை டிகாய் தூக்கி எறிந்தாலும் கயிற்றில் இழுத்தாலும் தாங்க வேண்டும். தொலைவிலிருந்து பார்த்தால் வாத்தாகத் தெரிய வேண்டும். அலங்காரச் சிற்பம் கைக்கெட்டும் தொலைவில் வைத்துப் பார்ப்பதற்கு. அதில் ஒவ்வோர் இறகின் நடுத்தண்டும் தெரியும். வார்டு சகோதரர்களின் பெயரால் 1971-இல் தொடங்கி, மேரிலாந்தின் ஓஷன் சிட்டி நகரில் நெடுங்காலம் நடந்துவந்த உலகப் போட்டியில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. வேலை டிகாய்களை நீரில் மிதக்கவிட்டே நடுவர்கள் மதிப்பிடுகிறார்கள். அலங்கார வேலையின் உழைப்பை மதிக்கிறோம். ஆயினும் கற்கத் தொடங்குபவர் முதலில் வேலை டிகாயைச் செய்வதே நல்லது. உருவம் பிழைபட்ட உடலில் எத்தனை இறகு பொறித்தாலும் அது வாத்தாகாது.

பழைய டிகாய்களைச் சேகரிக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் யார்?

நியூயார்க்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஜோயல் பார்பர் 1918-இல் லாங் ஐலண்டில் பழைய டிகாய் ஒன்றைக் கண்டெடுத்தார். அதன் வடிவழகால் ஈர்க்கப்பட்டு, கரையோரக் கொட்டகைகளில் தேடித் திரட்டத் தொடங்கினார். டிகாய்களைப் பற்றிய முதல் விரிவான நூலை அவர் 1934-இல் வெளியிட்டார். பிறர் விறகாகக் கருதியதை நாட்டார் கலை என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் அவர் தலையாயவர். அவருடைய சேகரிப்பு இன்று வெர்மான்ட் மாநிலத்தின் ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தில், டார்செட் இல்லம் என்னும் கட்டடத்தில் இருக்கிறது. நேரில் காண விரும்புவோர் அங்கும் ஹாவர் டி கிரேஸ் டிகாய் அருங்காட்சியகத்துக்கும் செல்லலாம். நவம்பரில் மேரிலாந்தின் ஈஸ்டன் நகரில் நடக்கும் நீர்ப்பறவைத் திருவிழாவில், செதுக்குவோரோடு நேரில் உரையாடவும் வாய்ப்புக் கிடைக்கும்.

ஒரு பழைய டிகாயின் மதிப்பை எவை தீர்மானிக்கின்றன?

செய்தவர் யார், வடிவம் எவ்வளவு சிறந்தது, மூல வண்ணம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது, இனமும் நிலையும் எவ்வளவு அரியவை, பழுதுகள் எத்தகையவை என்பவை அனைத்தும் சேர்ந்தே மதிப்பைத் தீர்மானிக்கின்றன. உறங்கும் நிலையிலோ இறகு கோதும் நிலையிலோ உள்ளவை அரியவை, ஏனெனில் அவற்றைச் செய்ய அதிக மரமும் நேரமும் செலவாயின. அடியில் சூடிட்ட எழுத்துகள் இருந்தால் அவை செதுக்கியவரின் பெயர் என்று உடனே முடிவு செய்யக்கூடாது. பெரும்பாலும் அவை டிகாயை வைத்திருந்த வேட்டைக்காரரின் அல்லது வேட்டைச் சங்கத்தின் அடையாளமாகவே இருக்கும். குரோவெல் போன்ற சிலரே தம் முத்திரையைப் பதித்தார்கள். குண்டுத் துளைகளும் மெல்லிய வெடிப்பும் ஒரு வேலைக் கருவிக்கு இயல்பானவை. மாற்றிப் பொருத்திய தலையும் மறைத்துப் பூசிய கழுத்தும் மதிப்பைப் பெரிதும் குறைக்கும்.

உச்ச விலைக்கு எடுத்துக்காட்டாகக் குரோவெல்லின் இரண்டு படைப்புகளைச் சொல்லலாம். அவரது உறங்கும் கனடா பெருவாத்து 2000-ஆம் ஆண்டு ஏலத்தில் 6,84,500 டாலருக்கும், இறகு கோதும் ஆண் ஊசிவால் 2003-இல் 8,01,500 டாலருக்கும் விலைபோயின. 2007-இல் நடந்த தனிப்பட்ட விற்பனையில் அவ்விரண்டும் தலா 11.3 இலட்சம் டாலரை எட்டின. இவை விதிவிலக்குகள். பெயர் தெரியாத கைகள் செய்த நல்ல டிகாய்கள் சாதாரண வருமானம் உள்ளவரும் வாங்கக்கூடிய விலையில் இன்றும் கிடைக்கின்றன, கண்ணைப் பழக்கிக்கொண்டவருக்கு அவற்றில்தான் உண்மையான இன்பம் இருக்கிறது.

போலியை எப்படிக் கண்டறிவது?

தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வேலை செய்த டிகாய் அலகிலும் வால்முனையிலும் தலைமேலும் வயிற்றிலும் தேய்ந்திருக்கும், ஏனெனில் கை பிடித்ததும் படகில் உரசியதும் அந்த இடங்களில்தான். உடல் முழுதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் உப்புத்தாள் விளையாடியிருக்கிறது என்று கொள்ளலாம். எடை பொருத்தியிருந்த இடத்தில் மரம் வெளிறியோ கறுத்தோ தடம் விட்டிருக்க வேண்டும். ஆணியைச் சுற்றித் துருவின் கறை பரவியிருக்க வேண்டும். புற ஊதா விளக்கின்கீழ்ப் பிற்காலப் பூச்சு பெரும்பாலும் வேறாக ஒளிரும். கழுத்துக்குள் புதிய திருகாணி இருக்கிறதா என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும். பெரிய விற்பனைகளுக்கு முன் ஏல நிறுவனங்கள் இதைச் செய்வது வழக்கமாகிவிட்டது. எழுத்து வடிவில் உத்தரவாதம் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

வண்ணம் உரிந்துபோன பழைய டிகாய்க்கு மீண்டும் வண்ணம் தீட்டலாமா?

கூடாது. வேட்டைக்காலத்தில் உரியவரே ஆண்டுதோறும் பூசிய பூச்சு அந்தப் பொருளின் வரலாற்றில் சேர்ந்தது; இன்று நாம் அழகுக்காகப் பூசுவது அந்த வரலாற்றை மூடிவிடும். மேல்பூச்சுக்குக் கீழே மூல வண்ணம் இருப்பதாக ஐயம் தோன்றினால், அதைச் சுரண்டிப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொண்டு, பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம் ஒப்படையுங்கள். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், உப்புத்தாளால் தேய்ப்பது பொருளுக்கு மட்டுமன்றி உங்களுக்கும் தீங்கு.

வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?

நேரடி வெயில், அடுப்பின் வெப்பம், குளிர்சாதனத்தின் நேர்க்காற்று ஆகிய மூன்றுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். ஈரப்பதம் திடீரென ஏறி இறங்கினால் மரம் வெடிக்கும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுவதற்குமேல் எதுவும் செய்ய வேண்டாம். எண்ணெய், மெழுகு, ஈரத்துணி எதுவும் வேண்டாம். மரத்தூள் புதிதாக உதிர்ந்து கிடந்தால் பூச்சி விழுந்திருக்கிறது என்று பொருள்; அந்த ஒன்றை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, நெகிழிப் பையில் இறுகக் கட்டிவைத்து, வல்லுநரின் உதவியை நாடுங்கள். எடுக்கும்போது தலையைப் பிடித்துத் தூக்காமல், இரு கைகளாலும் உடலைத் தாங்கி எடுங்கள். வாங்கிய நாள், இடம், முன்பு வைத்திருந்தவர் சொன்ன செய்திகள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி அதனோடேயே வைத்திருங்கள். அடியில் எதையும் எழுதாதீர்கள், ஒட்டவும் செய்யாதீர்கள்.